திரும்பி வர ஒரு கட்டளை

லினக்ஸின் கருப்புத் திரையில் ஒரு வேலை ஒழுங்காக முடிந்தால் எந்தச் செய்தியும் வராது. என்டர் தட்டியதும் கர்சர் அடுத்த வரிக்குப் போய்ச் சிமிட்டும், அவ்வளவுதான். தப்பு நடந்தால்தான் திரை பேசும். ஃபயர்வாலுக்கு விதி எழுதினாலும் இதே கதை, கீபோர்டின் எழுத்தமைப்பை மாற்றினாலும் இதே கதை. பெரிய கம்பெனிகளில் முதலாவது நெட்வொர்க் பிரிவின் வேலை, இரண்டாவது யாருடைய வேலையும் இல்லை. நான் தொழில் கற்ற சிவகாசி அச்சகத்தில் இரண்டும் ‘கம்ப்யூட்டர் தம்பி’யின் வேலை. அந்தத் தம்பி நான்.

2007-ல் அங்கே சேர்ந்தேன். கீழ்த்தளத்தில் ஆஃப்செட் மிஷின்கள். காலண்டர், டைரி, லேபிள், நோட்டு அட்டை என்று வருஷம் முழுக்க ஓட்டம் இருக்கும். மாடியில் மேட்டர் அடிக்கும் பிரிவு. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுகிறவர்கள் ஒரு வரிசை, கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அடிக்கிறவர்கள் இன்னொரு வரிசை. அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் தட்டச்சு நிலையத்தில் லோயர், ஹயர் முடித்துவிட்டு வந்த பெண்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள். முதலாளி அண்ணாச்சியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், வயதில் அவர் மூத்தவராக இருந்தும்.

அந்தக் காலத்தில் தமிழில் ஒவ்வொரு ஃபாண்ட் குடும்பத்துக்கும் தனிக் குறியீட்டு முறை. ஒன்றில் அடித்த மேட்டரை வேறொன்றில் திறந்தால் ஒரு சொல்லும் தேறாது. சென்னைப் பதிப்பாளர் ஒருவர் எல்லா மேட்டரும் யூனிகோடில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதே சமயத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளில் சூசே லினக்ஸைக் கொண்டுவந்திருந்தது. செய்தியைப் பத்திரிகையில் படித்த அண்ணாச்சிக்கு லைசென்ஸ் காசு மிச்சமாகும் கணக்கு உடனே புரிந்தது. “கவர்மெண்ட்டே மாறுதாம்ல தம்பி, நமக்கு என்ன? அடிக்கிற மிஷினுக்கெல்லாம் அதையே போட்டுரு. பக்கம் கட்டுற மிஷின் அப்படியே இருக்கட்டும்” என்றார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழைய பெண்டியம் 3 பெட்டி நின்றது. மானிட்டர் கிடையாது. இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று ப்ராட்பேண்ட் மோடத்துக்கு, இன்னொன்று உள்ளே இருக்கும் ஸ்விட்சுக்கு. அச்சகத்தில் யார் இணையத்துக்குப் போனாலும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதில் டெபியன் லினக்ஸ் ஓடியது. எனக்கு முன்னால் இருந்தவர் விதிகளை ஒரே ஷெல் கோப்பில் எழுதிவைத்திருந்தார்.

அந்தக் கோப்பில் ஒரு சரித்திரம் இருந்தது. அடியில், ஹாஷ் குறி போட்டு முடக்கப்பட்ட வரிகள் ஐபிசெயின்ஸ் மொழியில் இருந்தன. லினக்ஸ் கெர்னல் 2.2 காலத்து ஃபயர்வால் அது. அதற்கும் முன்பு, 2.0-ல், ஐபிஎஃப்டபிள்யூஏடிஎம் என்று ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸல் தொடங்கிய நெட்ஃபில்டர் திட்டத்தில் உருவான ஐபிடேபிள்ஸ், 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலோடு அந்த இடத்தைப் பிடித்தது. எனக்கு முன்னவர் பழைய வரிகளை அழிக்கவில்லை. மேலே புதிய மொழி, கீழே அதே அர்த்தத்தில் பழைய மொழி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துத்தான் நான் ஐபிடேபிள்ஸ் கற்றுக்கொண்டேன்.

ஐபிடேபிள்ஸில் அடிப்படையாக மூன்று சங்கிலிகள். பெட்டிக்கே வரும் பாக்கெட்டுக்கு இன்புட், பெட்டியிலிருந்து கிளம்புவதற்கு அவுட்புட், பெட்டியைக் கடந்து போவதற்கு ஃபார்வர்டு. ஒவ்வொரு சங்கிலியிலும் விதிகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கப்படும். ஏற்கவோ தள்ளவோ சொல்லும் விதி ஒன்று பொருந்திவிட்டால் கதை முடிந்தது, அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் கணக்கில்லை. எதுவுமே பொருந்தாவிட்டால் சங்கிலியின் பொதுக் கொள்கை தீர்மானிக்கும். அண்ணாச்சிக்கு இதை விளக்கியபோது, “நம்ம கேட் வாட்ச்மேன் நோட்டு மாதிரி. மேல ‘எல்லாரையும் விடு’ன்னு எழுதிட்டு, கீழ ‘இன்னாரை விடாதே’ன்னு எழுதினா என்ன புண்ணியம்?” என்றார். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இல்லை.

அந்தக் கோப்பில் இதே கோளாறுதான் இருந்தது. உள்ளிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் அனுமதி என்ற வரி மேலே. 135, 445 ஆகிய போர்ட்டுகளைத் தடை செய் என்ற வரிகள் கீழே. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு 135 வழியாகவும், 2004-ல் சாஸர் 445 வழியாகவும் விண்டோஸ் கணினிகளில் புகுந்த பிறகு யாரோ சேர்த்த தடைகள் அவை. மைனஸ் ஏ போட்டுச் சேர்த்தால் விதி சங்கிலியின் வாலில் போய் உட்காரும். தலையில் வைக்க மைனஸ் ஐ போட வேண்டும். மைனஸ் எல், மைனஸ் வி, மைனஸ் என் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு விதியும் எத்தனை பாக்கெட்டைப் பிடித்தது என்று ஐபிடேபிள்ஸ் காட்டும். அந்தத் தடை வரிகளுக்கு நேரே பூஜ்யம். பல வருஷங்களாகப் பூஜ்யம். விதி இருந்தது, காவல் இல்லை. கட்டளை அடித்த அன்றைக்குத் திரை ஒன்றும் சொல்லியிருக்காது. சொல்லாததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருப்பார்.

விதிகளை வரிசைப்படுத்தும்போது இன்னொரு விஷயமும் பிடிபட்டது. வேண்டாததைத் தடுக்க இரண்டு வழி உண்டு. ட்ராப் என்றால் பாக்கெட்டை வாங்கிப் பேசாமல் குப்பையில் போடுவது. ரிஜெக்ட் என்றால் ‘கிடையாது’ என்று பதில் அனுப்புவது. வெளியிலிருந்து துளாவுகிறவனுக்கு ட்ராப் சரி. உள்ளே இருக்கும் நம் ஆளுக்கு ட்ராப் போட்டால் அவருடைய புரோகிராம் பதிலை எதிர்பார்த்துத் தொங்கிக்கொண்டே நிற்கும். கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து அவர் பவர் பட்டனை அமுக்குவார், அடித்த மேட்டர் போகும். ரிஜெக்ட் போட்டால் அந்த நொடியே ‘முடியாது’ என்று வந்துவிடும், அவர் அடுத்த வேலையைப் பார்ப்பார். பாதுகாப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், காத்திருக்கும் ஆளுக்குத்தான் வித்தியாசம். அதன் பிறகு உள் பக்கத்து விதிகளில் நான் ட்ராப் எழுதுவதை விட்டுவிட்டேன்.

மாடியில் ஒரு வினோதப் புகார் இருந்தது. சில தளங்கள் திறக்கும், சில பாதி வந்து நின்றுவிடும். சின்ன மின்னஞ்சல் வரும், கோப்பு இணைத்தது வராது. காரணம் 8 பைட். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். ப்ராட்பேண்ட் இணைப்பின் பிபிபிஓஇ முறை தன் தலைப்புக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. அதைவிடப் பெரிதாக வரும் பாக்கெட்டைத் திருப்பி, ‘சின்னதாக்கி அனுப்பு’ என்று சொல்ல ஐசிஎம்பி என்ற செய்தி முறை இருக்கிறது. ஆனால் எங்கோ தொலைவில் ஒரு நிர்வாகி, பாதுகாப்பு என்று நினைத்து, தன் ஃபயர்வாலில் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்திருப்பார். செய்தி போய்ச் சேராது. அந்தத் தளம் பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் பெட்டியின் ஃபார்வர்டு சங்கிலியில் ஒரே ஒரு வரி, இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே ‘எனக்கு இவ்வளவுதான் கொள்ளும்’ என்று அளவைக் குறைத்து எழுதச் சொல்லும் வரி, போட்டதும் எல்லாத் தளமும் திறந்தது. யாரோ ஒருவர் தேவைக்கு மேல் கெடுபிடியாக எழுதிய விதி சிவகாசியில் ஒருவருடைய மின்னஞ்சலை நிறுத்தியிருந்தது. விதி எழுதியவருக்கு அது கடைசி வரை தெரிந்திருக்காது.

வேலை நேரத்தில் அந்தப் பெட்டியைத் தொட முடியாது. இணைப்பு ஒரு நிமிடம் அறுந்தாலும் கீழிருந்து ஆள் ஏறி வந்துவிடும். அதனால் இரவில், வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்துதான் விதிகளை மாற்றுவேன். இதில் ஓர் ஆபத்து உண்டு. இன்புட் சங்கிலியின் பொதுக் கொள்கை ட்ராப் என்று இருக்கும்போது, விதிகளை மொத்தமாகத் துடைக்கும் மைனஸ் எஃப் கட்டளையை அடித்தால் அனுமதிகள் எல்லாம் போய்க் கொள்கை மட்டும் நிற்கும். அடித்தவரும் வெளியே. மானிட்டர் இல்லாத பெட்டி, பூட்டிய அச்சகம், நடுராத்திரி.

இதற்கு மருந்து சொன்னவர் மதுரையில் ஒரு கல்லூரியின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர். எனக்கு இந்தத் துறையில் அண்ணன் மாதிரி. “எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஆட் போட்டுருடா” என்றார். ஆட் என்பது குறித்த நேரத்தில் ஒரு கட்டளையை ஓடவைக்கும் பழைய யூனிக்ஸ் கருவி. இன்னும் 5 நிமிடத்தில் கொள்கைகளை எல்லாம் அனுமதிக்கு மாற்று, அப்புறம் விதிகளைத் துடை என்று ஆட்-இடம் சொல்லிவிட வேண்டும். இந்த வரிசை முக்கியம், கொள்கை முதலில், துடைப்பது பிறகு. அதற்கப்புறம்தான் புதிய விதியைத் தொடலாம். மாட்டிக்கொண்டால் 5 நிமிடம் காத்திருந்தால் போதும், கதவு தானாகத் திறக்கும். எல்லாம் சரியென்றால் ஏடிஆர்எம் அடித்து அந்த வேலையை ரத்து செய்துவிடலாம்.

“சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?” என்று அவரே கேட்டார். “நான் இன்னும் உள்ளதானே இருக்கேன், அப்போ சரிதான்” என்றேன். சிரித்தார். நெட்ஃபில்டர் ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளை நினைவில் வைத்திருக்கும். எஸ்டாப்ளிஷ்டு இணைப்புகளை அனுமதி என்று மேலே ஒரு விதி இருந்தால், எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் போர்ட்டை அடைத்த பின்னும் நாம் இருக்கும் இணைப்பு அறுகாது. புதிதாக வருகிறவனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கும். வெளியேறிய பிறகுதான் அது நமக்குத் தெரியும். “இன்னொரு விண்டோவைத் திறந்து புதுசா உள்ள வந்து பாரு. வந்தாத்தான் ஆட்-டை ரத்து பண்ணு” என்றார். உள்ளே இருக்கிறவனின் அனுபவத்தை வைத்து வெளியே இருக்கிறவனுக்கு வழி இருக்கிறதா என்று முடிவுசெய்யக் கூடாது. அவர் இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பின்னால் அப்படிப் பட்டது.

கீபோர்டு வேலை இதைவிடக் கடினம். ஃபயர்வாலுக்குப் பாக்கெட் மட்டும்தான், இங்கே விரல் இருந்தது.

லினக்ஸின் எக்ஸ் சாளர முறையில் எழுத்தமைப்பைத் தீர்மானிப்பது எக்ஸ்கேபி. செட்எக்ஸ்கேபிமேப் என்று அடித்து ‘யுஎஸ்’ என்றால் ஆங்கிலம், ‘இன்’ என்று போட்டு அதன் தமிழ் வகையைச் சொன்னால் தமிழ். விசைக்கு ஒரு எண் உண்டு. எக்ஸ்இவி என்ற கருவியை ஓடவிட்டு ‘ஏ’ விசையை அழுத்தினால் 38 என்று காட்டும். 38-ஐ அழுத்தினால் எந்தக் குறி வர வேண்டும், ஷிஃப்ட்டோடு அழுத்தினால் எது என்று ஓர் உரைக்கோப்பில் எழுதியிருக்கும். நாமே எழுதிக்கொள்ளலாம். எழுத்துப்பிழை இருந்தால் கோப்பு ஏறாது, திரை சத்தம் போடும், பழைய அமைப்பு அப்படியே நிற்கும். பிழையில்லாமல் எழுதிய தப்பான அமைப்புதான் தொல்லை. அது சத்தமில்லாமல் ஏறிவிடும். பிறகு பழையதுக்குத் திரும்பும் கட்டளையை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். அடிக்க ஆங்கிலம் இருக்காது.

மதுரைக்காரரின் மருந்து இங்கேயும் வேலை செய்தது. ஒரே வரியில், அரைப்புள்ளி போட்டு மூன்று கட்டளை: புது அமைப்பை ஏற்று, 60 நொடி தூங்கு, யுஎஸ்ஸுக்குத் திரும்பு. அந்த ஒரு நிமிடத்தில் எழுத்துகளைச் சோதித்துக்கொள்ளலாம். டிவோராக் என்ற வேறு ஆங்கில எழுத்தமைப்பில் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் இன்னொரு தந்திரமும் உதவியது. அவர்கள் நடுவரிசையின் முதல் நான்கு விசைகளையே மாற்றுக் கட்டளைக்குப் பெயராக வைப்பார்கள். எந்த அமைப்பில் இருந்தாலும் விரல் போகும் இடம் ஒன்றே, வரும் எழுத்துதான் வேறு. இடக்கையின் சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரல் வரை வரிசையாக அழுத்தினால் தமிழ்த் தட்டச்சு முறையில் ‘யளனக’ வரும். தட்டச்சு நிலையத்தில் முதல் நாள் பாடமே அதுதான். தமிழ்99-ல் அதே நான்கு விசைகள் ‘அஇஉஃ’. இரண்டு பெயரிலும் ஒவ்வொரு சிறு கோப்பு செய்துவைத்தேன். உள்ளே ஒரே வரி, ஆங்கிலத்துக்குத் திரும்பு. டெர்மினலில் தமிழ் அப்போது உடைந்துதான் தெரியும், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தெரிகிற அழகு எப்படியிருந்தாலும் கோப்பின் பெயர் பொருந்தினால் கட்டளை ஓடும். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. “யளனக அடிச்சு இங்கிலீஷ் வருது பாரேன்” என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆனால் எக்ஸ்கேபியால் மேட்டர் அடிக்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்தது. அது ஒரு விசைக்கு ஒரு குறி தரும். முன்னால் என்ன அடித்தோம் என்று பார்க்காது. தமிழுக்கு அது போதாது. தட்டச்சு முறையில் அடிக்கிறவர் ‘கெ’ எழுத முதலில் கொம்பை அடிப்பார், பிறகு க. தாளில் கண் பார்க்கும் வரிசை அது. யூனிகோடு சேமிக்கும் வரிசை நேர்மாறு, க முதலில், கொம்பு பிறகு. புள்ளியும் அப்படியே. ஈழத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த ஆர். முத்தையா 1930களில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழியில் வந்த பொறிகளில் புள்ளிக்கு நகராத விசை. புள்ளி முதலில் தாளில் விழும், உருளை நகராது, பிறகு அதன் கீழே எழுத்து விழும். அக்காவின் விரல்கள் அந்த இரும்புப் பொறியில் பழகியவை. எக்ஸ்கேபியை வைத்து அவர் அடித்தால் கொம்பெல்லாம் புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றன.

வரிசையை மாற்றித்தர நடுவில் ஓர் உள்ளீட்டு முறை வேண்டும். ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தில் உருவான எம்17என் நூலகம் அதைத் தந்தது. ஸ்கிம் என்ற செயலி அதை எல்லாச் சாளரத்திலும் கொண்டுவந்து நிறுத்தியது. எம்17என்-ல் ஒவ்வொரு முறையும் ஓர் உரைக்கோப்பு, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக. தமிழ்99-க்கு ஒன்று, தட்டச்சு முறைக்கு ஒன்று, ஒலிபெயர்ப்புக்கு ஒன்று. தட்டச்சுக் கோப்பைப் பிரதி எடுத்து, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் விரல் போகும் வரிசைக்கு ஏற்ப ஒவ்வொரு வரியாகத் திருத்தினேன். “இந்த விசையில எனக்கு ழ வரணும்” என்பார். திருத்திச் சேமித்து ஸ்கிம்மை மறுபடி கிளப்புவேன். அடித்துப் பார்ப்பார். எழுத்தமைப்பு பற்றி நான் படித்த எதையும்விட அந்த உட்காரல்கள் கற்றுத்தந்தது அதிகம்.

என் மனசு தமிழ்99 பக்கம் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்து, அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். மெய்யும் உயிரும் அடுத்தடுத்து அடித்தால் உயிர்மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல், புள்ளியைத் தேடவே வேண்டாம். ‘தந்தை’யில் ந-வுக்குப் பின் த வந்ததும் அங்கேயும் புள்ளி தானே வரும். ‘மமதை’ போல இரண்டு ம-வும் புள்ளியில்லாமல் வர வேண்டிய அபூர்வச் சொல்லுக்கு நடுவில் ஓர் அ தட்ட வேண்டும். கட்டளைக் கோப்புகளோடு பழகிய எனக்கு அந்த விதிகளின் சிக்கனம் பார்க்கவே இன்பமாக இருந்தது. எல்லோரையும் இதற்கு மாற்றிவிடலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அக்கா மறுத்தார். காரணம் பிடிவாதம் இல்லை, கூலி. அவர்களுக்குச் சம்பளம் பக்கக் கணக்கு. “புதுசு நல்லதாவே இருக்கட்டும் தம்பி. பழகுற வரைக்கும் என் பக்கம் பாதியாயிரும். அந்தப் பாதிக் காசை யார் தருவா? பழகாமப் போச்சுன்னா பழைய கையும் போயிரும். அப்ப நான் எங்க போறது?” என்றார். மெய்யை எந்தக் கையில் வைப்பது என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது மதுரைக்காரர் கேட்ட கேள்வி. திரும்பி வர வழி என்ன?

அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம். விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் தமிழ்99. அந்த நேரத்துக்குப் பக்கக் கணக்கு கிடையாது, நேரக் கூலி. மணி முடிந்ததும் ஆட் வேலை கிளம்பித் தட்டச்சுக் கோப்பைத் திரும்ப வைத்து ஸ்கிம்மை மறுதொடக்கம் செய்யும். யாரும் வந்து என்னைக் கேட்க வேண்டாம், எனக்கு ஞாபகம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தானாகத் திரும்பிவிடும் என்று தெரிந்ததும் முதல் வாரத்திலேயே இளம் பெண்கள் கை தூக்கினார்கள். சிலர் சில மாதங்களில் முழு நேரமும் தமிழ்99 கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சிலர் அந்த ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்கா கடைசி வரை யளனகதான். உள்ளே நுழையும் பெயரை வைத்து யாருக்கு எந்தக் கோப்பு என்று கணினி பார்த்துக்கொண்டது. வெளியே போன மேட்டர் எல்லாம் ஒரே யூனிகோடு. எந்த விரல் எதை அடித்தது என்று பதிப்பாளருக்குத் தெரிய வேண்டியதில்லை.

2008-ல் மின்வெட்டு கடுமையானது. ஐபிடேபிள்ஸ் கட்டளை விதியைக் கெர்னலின் நினைவகத்தில்தான் வைக்கும், மின்சாரம் போனால் விதியும் போகும். செட்எக்ஸ்கேபிமேப் செய்ததும் அந்த அமர்வு உயிரோடு இருக்கும் வரைதான். நாளுக்குப் பலமுறை எல்லாம் பிறந்த நிலைக்குத் திரும்பின. ஐபிடேபிள்ஸ்-சேவ் கொண்டு விதிகளைக் கோப்பில் இறக்கி, நெட்வொர்க் எழுவதற்கு முன்னால் ஐபிடேபிள்ஸ்-ரெஸ்டோர் அதை ஏற்றும்படி வைத்தேன். விதியில்லாமல் இணைப்பு மட்டும் எழுந்துவிடும் சில நொடிகளைக் கூட விடக் கூடாது என்பதால் அந்த ‘முன்னால்’. கீபோர்டு அமைப்பைப் பயனருடைய தொடக்கக் கோப்பில் எழுதினேன். ஆனால் சோதித்து முடிக்காத எதையும் கோப்பில் இறக்கவில்லை. சோதனை நடக்கும்போது மின்வெட்டும் எங்கள் பக்கம்தான், அணைந்து எழுந்தால் பழைய நல்ல நிலை வந்துவிடும்.

அந்த ஆண்டு நவம்பரில் கான்ஃபிக்கர் புழு கிளம்பியது. விண்டோஸின் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அக்டோபரிலேயே ஒட்டு வெளியிட்டிருந்தும், ஒட்டாத கணினிகளில் அது 445 வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. சிவகாசி அச்சகத்தில் வாடிக்கையாளர் வாசலில் நுழையும்போதே கையில் பென் டிரைவ் இருக்கும். ஒரு காலையில் மைனஸ் வி பட்டியலைப் பார்த்தேன். பல வருஷம் பூஜ்யமாக இருந்த 445 தடை, இப்போது சங்கிலியின் தலையில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் லாக் விதி ஒன்றை, பதிவு நிரம்பி வழியாதபடி வேகக் கட்டுப்பாட்டோடு வைத்தேன். எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்று பதிவில் தெரிந்தது. பக்கம் கட்டும் மிஷின் ஒன்று. அதன் வயரைப் பிடுங்கிச் சுத்தம் செய்தோம். புழு வெளியே போகவில்லை. பழைய கோப்பில் இருந்த அதே விதிதான், இடம் மட்டும் மாறியிருந்தது.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். கருவிகள் மாறிவிட்டன. 2014-ல் கெர்னல் 3.13-ல் நுழைந்த என்எஃப்டேபிள்ஸ் வந்து, 2019-ன் டெபியன் 10 முதல் ஐபிடேபிள்ஸ் என்று அடித்தாலும் உள்ளே வேலை செய்வது அதுதான். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ நாலு சொல்லில் விதி எழுதித்தருகிறது. ஸ்கிம் இருந்த இடத்தில் ஐபஸ். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் செட்எக்ஸ்கேபிமேப் முன்னைப்போல் எடுபடாது, ஆனால் எக்ஸ்கேபியின் எழுத்தமைப்புக் கோப்புகள் அங்கேயும் படிக்கப்படுகின்றன. இளையவர்கள் விதிகளைக் கோப்பாக எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து, ஒரே நேரத்தில் நூறு சர்வருக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் என்னிடம் காட்ட வரும்போது விதி சரியா என்று நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது, இது தப்பாகப் போனால் யார் மாட்டுவார், அவர் எப்படி மீள்வார், மீள்வதற்கு உன் உதவி தேவைப்படுமா என்பது. மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் கோப்பு திரும்பிப் போகும்.

விதி எழுதுகிறவர் எப்போதும் உள்ளே இருப்பவர், அவருடைய இணைப்பு நிலைபெற்றது. அதனால் அவருக்கு விதி சரியாகவே தோன்றும். மற்றவர்களை மாறச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் திரும்பி வரும் வழியைப் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அதுவும் அவர்களே, நம்மைக் கூப்பிடாமல், மாட்டிக்கொண்ட நிலையிலேயே எட்டிப் பிடிக்கிற வழியாக இருக்க வேண்டும். மதுரைக்காரர் இதை ஆட் கட்டளையில் சொன்னார், அக்கா பக்கக் கூலியில் சொன்னார். இரண்டு பேரும் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் என் கோப்பைப் பார்த்து இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.